முதல் மாதம் கூண்டை மட்டும் தொடுங்கள்

கண்ணுச்சாமி எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நான் செய்த முதல் வேலையே தப்பு. வாலைச் சேர்த்தாலும் ஒரு சாண் வராத பச்சோந்திக் குட்டி. பெட்டியைத் திறந்ததும் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா, டீக்கடைச் சேட்டன், டியூஷன் முடிந்து வந்த பிள்ளைகள் என்று ஒரு கூட்டமே கூடிவிட்டது. ஆளுக்கொரு விரலை நீட்டினார்கள். பெட்டிக்குள் கொழுந்து வெற்றிலை மாதிரி இருந்த குட்டி, அரை மணி நேரத்தில் வறுத்த காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டது. "பாருங்க மாமா, உங்க சட்டைக் கலருக்கு மாறிடுச்சு" என்றான் மச்சான். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான் சிரித்தேன்.

அது சட்டையைப் பார்த்து மாறவில்லை, பயத்தில் கறுத்திருந்தது. அதற்கப்புறம் மூன்று நாள் ஒரு பூச்சியைக்கூடத் தொடவில்லை.

எனக்கு வேலந்தாவளத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை. போர்டு பாதி மலையாளம், பாதி தமிழ். செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயம்புத்தூர் ஜில்லா. பச்சோந்தி வளர்ப்பைப் பற்றி எனக்கு முன்னே பின்னே தெரியாது. என் மகள் ஆசைப்பட்டாள், வாங்கினோம். ஆனால் கரெண்ட், வெப்பம், தண்ணீர் மூன்றும் எனக்குக் கொஞ்சம் தெரியும். குட்டிப் பச்சோந்தி பிழைப்பதும் பிழைக்காததும் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் வழிமுறைகளில் பெரும்பாலானவை குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. வெப்பத்தை எப்படிக் கூட்டுவது என்று பக்கம் பக்கமாக இருக்கும். பங்குனி, சித்திரையில் நாற்பது டிகிரியைத் தொடும் பாலக்காட்டுக் கிழக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நமக்கு, அதை எப்படிக் குறைப்பது என்பதுதான் தலைவலி. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் சட்டம். நம் வேலியோரம், பனந்தோப்புப் பக்கம் ஆடி ஆடி நடந்து போகுமே ஒரு பச்சோந்தி, அதைப் பிடித்து வளர்க்கவே கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட உயிர் அது. ரோட்டில் கண்டால் வண்டியை நிறுத்தி, ஒரு குச்சியில் ஏற்றி, அது போகிற திசையிலேயே அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். எங்களிடம் இருப்பது ஏமன் பச்சோந்தி. தலையில் மகுடம் வைத்தது போல எலும்பு உயர்ந்திருக்கும். ஏமனிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மலைப் பக்கத்திலும் வாழ்கிற இனம். கூண்டிலேயே பிறந்த குட்டியை, வளர்த்துக் கொடுப்பவரிடமிருந்து எழுத்துப்பூர்வமான காகிதத்தோடு வாங்கினோம். இது அருகிவரும் உயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள இனம் என்பதால், 2024இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். காகிதம் தராதவரிடம் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டியையும் வாங்காதீர்கள். முதல் தடவை வளர்ப்பவர் கையில் அது தாங்காது. பின்னங்காலின் குதிகாலைப் பாருங்கள். சின்ன முள் போல ஒரு துருத்தல் இருந்தால் ஆண். பொறித்த நாளிலிருந்தே அது தெரியும். புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஆண்தான் நல்லது என்பேன். பெண் பச்சோந்தி இணை சேராமலேயே முட்டை கட்டும். தோண்டி முட்டையிட ஆழமான ஈரமணல் தொட்டி இல்லையென்றால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். அது தனிப் பாடம்.

கூண்டு

கண்ணாடித் தொட்டி வேண்டாம். மீன் தொட்டி சும்மா கிடக்கிறதே என்று யோசிக்காதீர்கள். நம் வெயிலில் அது இட்லிப் பானை ஆகிவிடும். போதாததற்குத் தன் பிம்பத்தையே இன்னொரு பச்சோந்தி என்று நினைத்து அது நாள் முழுக்க உப்பிக்கொண்டு நிற்கும். நாலு பக்கமும் காற்று போகிற வலைக்கூண்டுதான் சரி. குட்டிக்குப் பதினாறு அங்குல நீள அகலம், முப்பது அங்குல உயரம் போதும். வளர்ந்தபின் இரண்டடிக்கு இரண்டடி, உயரம் நாலடி. இது தரையில் ஓடுகிற பிராணி இல்லை, ஏறுகிற பிராணி. அதனால் உயரத்தில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது.

நான் அலுமினியச் சட்டத்தில் நானே அடித்தேன். முதலில் ஜன்னலுக்குப் போடும் ஃபைபர் கொசுவலையைப் போட்டேன். இரண்டு கோளாறு. குட்டியின் நகம் அதில் மாட்டிக்கொண்டது, தப்பிய பூச்சிகள் வலையைக் கடித்து ஓட்டை போட்டன. பொடிக்கண் வலை வெளிச்சத்தையும் பாதி தின்றுவிடும். பிளாஸ்டிக் பூசிய கால் அங்குலக் கம்பி வலைக்கு மாற்றிய பிறகு தொந்தரவு இல்லை. அடியில் தண்ணீர் இறங்க நாலைந்து துளை போட்டு, கீழே ஒரு டிரே வையுங்கள். இதை மறந்தால் ஒரே வாரத்தில் கூண்டு சேற்று வாடை அடிக்கும்.

கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், அந்தக் காலத்தில் பலகாரப் பெட்டியை வைப்பார்களே அப்படி. நம் ஊரில் குட்டிப் பச்சோந்திக்குப் பெரிய எதிரி எறும்பு. ராத்திரி ஒரு செத்த பூச்சியைத் தேடி வரும் கட்டெறும்பு, தூங்குகிற குட்டியையும் விடாது. எறும்பு சாக்பீஸ் விஷம், கூண்டுப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கொசுவத்தி, கொசு மருந்து மெஷின், சாம்பிராணிப் புகை எல்லாம் அதே கணக்குத்தான். எங்கள் வீட்டில் கூண்டு இருக்கும் அறையில் கொசு மெஷின் போடுவதில்லை. மகள் கொசுவலைக்குள் படுத்துக்கொள்கிறாள்.

எங்கே வைப்பது? சுவர் மூலையில், மேல்கொப்பு நம் கண்ணுக்கு மேலே இருக்கும்படி. மேலிருந்து வருவது எதுவானாலும் அதற்குப் பருந்து. நாம் குனிந்து எட்டிப் பார்த்தாலே நடுங்கும். கூண்டு உயரத்தில் இருந்தால், அது நம்மைக் கீழே பார்க்கும். அந்த ஒரு மாற்றத்திலேயே கண்ணுச்சாமி பாதி தெளிந்துவிட்டது. நேர் ஃபேன் காற்று, டிவி, சமையலறைத் தாளிப்பு மூன்றும் எட்டாத இடமாகப் பாருங்கள்.

உள்ளே கொப்புகள். கொய்யா விளாரும் செம்பருத்திக் கொப்பும் எங்களுக்குக் கைகொடுத்தன. அரளி, எருக்கு, கள்ளி ஆகவே ஆகாது. வெட்டி, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்துப் பிறகு கட்டுங்கள். பென்சில் பருமன் இருந்தால் குட்டிக்குப் போதும். அதன் பாதத்தைப் பாருங்கள், விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டி, எங்கள் கட்டிங் பிளேயர் மாதிரி இருக்கும். அந்தப் பிளேயர் முழுசாகச் சுற்றிப் பிடிக்கிற அளவுதான் கணக்கு. குறுக்கும் நெடுக்குமாக, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் நடந்தே போகும்படி அமையுங்கள். அது தாவும் சாதி இல்லை. பாதை அறுந்த இடத்தில் வலையைப் பிடித்து ஏறி, கீழே விழும்.

செடி கண்டிப்பாக வேண்டும், அழகுக்காக மட்டும் இல்லை. ஒளிய இடம், தண்ணீர் நக்க இலை இரண்டும் அதுதான். மணி பிளாண்டும் ஒரு சின்னச் செம்பருத்தியும் வைத்திருக்கிறேன். ஏமன் பச்சோந்தி இலையையும் கடித்துத் தின்னும் என்பதால் விஷச் செடி கூடாது. நர்சரியிலிருந்து வாங்கிய செடியை நேரே உள்ளே வைக்காதீர்கள். மருந்து அடித்திருப்பார்கள். இலையை நன்றாகக் கழுவி, மண்ணை மாற்றி, இரண்டு மூன்று வாரம் வெளியே வைத்த பிறகே உள்ளே. தொட்டி மண்ணின் மேல் அதன் தலையைவிடப் பெரிய கூழாங்கற்களைப் பரப்பிவிடுங்கள், மண்ணைத் தின்னாது.

வெளிச்சமும் சூடும்

இது என் துறை, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இரண்டு விளக்கு வேண்டும், இரண்டும் வேறு வேறு வேலை. ஒன்று சூட்டுக்கு. இன்னொன்று புற ஊதா 'பி' கதிருக்கு. அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் அதன் உடம்பு டி3 வைட்டமினைச் செய்யும், டி3 இருந்தால்தான் தின்ற கால்சியம் எலும்பில் சேரும். அது இல்லாமல் வளர்ந்த குட்டிக்கு மூன்று நாலு மாதத்தில் கால் வில்லாக வளையும், தாடை ரப்பர் ஆகும். வளைந்த எலும்பு பிறகு நேராகாது.

சாதாரண டியூப்லைட், மீன் தொட்டி விளக்கு, எல்இடி எதிலும் இந்தக் கதிர் கிடையாது. கிருமி கொல்லும் நீல விளக்கு வேறு வகை, கண்ணையே கெடுத்துவிடும். ஊர்வனவற்றுக்கென்று வரும் டி5 நீளக் குழல், அதில் '5.0' அல்லது '6 சதவீதம்' என்று போட்டதை வாங்குங்கள். நான் முதலில் ஒரு கடையில் ஏமாந்தேன், கடை பேர் வேண்டாம். "எல்லா ஓணானுக்கும் இதுதான்" என்று ஒரு நீலக் குண்டு பல்பைக் கொடுத்தார்கள். அட்டையைத் திருப்பிப் படித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும், அது ராத்திரி வெளிச்சத்துக்கான பல்பு. மின்சாரக்காரனே ஏமாந்தால் மற்றவர்களைக் கேட்கவா வேண்டும்?

குழலைக் கூண்டுக்கு மேலே, வலைக்கு வெளியே வையுங்கள். மேல்கொப்பிலிருந்து அதற்கு இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் இடைவெளி. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம். டைமர் சுவிட்ச் போட்டுவிடுங்கள், மனிதன் மறப்பான். இந்தக் குழல் எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் கதிர் மட்டும் மெல்ல மெல்லத் தேய்ந்துவிடும். மாட்டிய தேதியை மார்க்கரில் அதன் ஓரத்திலேயே எழுதி, ஒரு வருடத்தில் மாற்றுங்கள்.

"ஜன்னல் வெயில் போதாதா?" என்று கேட்பார்கள். கண்ணாடி ஜன்னலாக இருந்தால் போதாது, அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். திறந்த வெயில் நல்லது. முதல் மாதம் முடிந்தபிறகு, காலை எட்டரைக்கு முன், கூண்டோடு தூக்கி வெளியே கால் மணி நேரம் வைக்கலாம். பாதிக் கூண்டு நிழலில் இருக்க வேண்டும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். எங்கள் தெருக் காக்கைகள் வலையைக் கொத்திப் பார்க்கும்.

சூட்டு விளக்குக்கு விலை உயர்ந்த பல்பு தேவையில்லை. இருபத்தைந்து அல்லது நாற்பது வாட்ஸ் பழைய குண்டு பல்பு நம் ஊருக்குத் தாராளம். ஹோல்டர் பீங்கானாக இருக்கட்டும், பிளாஸ்டிக் உருகும். கூண்டுக்கு உள்ளே மாட்டவே கூடாது. சுடுகிறது என்று தெரிந்து விலகுகிற புத்தி பச்சோந்திக்கு மந்தம், மகுடம் கருகிய பிறகும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். மேல்கொப்பில், அதன் முதுகு வரும் உயரத்தில் தெர்மாமீட்டரை வைத்து அளங்கள். குட்டிக்கு அந்த இடத்தில் 27 முதல் 29 டிகிரி. கீழே செடிக்குள் 23, 24 என்று குளிர்ந்து இருக்க வேண்டும். சூடு வேண்டுமென்றால் மேலே, வேண்டாமென்றால் கீழே என்று அதுவே போய்வரும்.

இப்போது நம் ஊர்க் கணக்கு. மாசி பாதியிலிருந்து வைகாசி வரை நான் அந்தக் குண்டு பல்பைக் கழற்றியே வைத்துவிடுகிறேன். அறையே முப்பதைத் தாண்டும்போது பல்பு எதற்கு? கதிர்க் குழல் மட்டும் எரியும். மதியம் 32ஐத் தாண்டினால் வேலை இருக்கிறது என்று அர்த்தம். கான்கிரீட் கூரை வீட்டில் மாடியறை ஆகாது. எங்கள் பழைய ஓட்டு வீட்டின் நடு அறைக்குக் கூண்டை இறக்கிவிட்டேன். பின்பக்கம் ஒரு கோணிச்சாக்கை நனைத்துத் தொங்கவிட்டு, அறைக்காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் மூன்று நாலு டிகிரி இறங்குகிறது. வாயைப் பிளந்துகொண்டு, உடம்பு வெளுத்து உட்கார்ந்திருந்தால் அதற்குச் சூடு தாங்கவில்லை. உடனே நிழல், தெளிப்பு. ஆனால் ஃபிரிட்ஜ் தண்ணீர் கூடாது, பானைத் தண்ணீர் போதும்.

மார்கழியில் தலைகீழ். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வீசும் காற்று பனைமரத்தையே பேயாட்டம் ஆட்டும், உதடு வெடிக்கும். அந்த மாதங்களில் கூண்டின் கிழக்கையும் இன்னொரு பக்கத்தையும் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, காலையில் பல்பைப் போடுகிறேன். ஆடியில் காற்று மேற்கிலிருந்து வரும், ஷீட்டும் பக்கம் மாறும்.

ஒரு வயரிங் விஷயம், இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. தண்ணீர் தெளிக்கிற கூண்டுக்கு மேலே கரெண்ட் ஓடுகிறது. வயர் நேராக பிளக்குக்குப் போகக் கூடாது. முதலில் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, பிறகு மேலேறிப் போக வேண்டும். வயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். அந்த லைனில், கரெண்ட் கசிந்தால் உடனே வெட்டிவிடும் முப்பது மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் ஒன்று கட்டாயம். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் இரண்டாம் பேச்சே இல்லை.

தண்ணீர்

கிண்ணத்தில் வைத்த தண்ணீரைப் பச்சோந்தி பொதுவாகக் கண்டுகொள்ளாது. அசைகிற துளிதான் அதன் கண்ணுக்குத் தண்ணீர், இலை நுனியில் தொங்கும் மழைத்துளி மாதிரி. கிண்ணம் நிறைய இருந்தும் தாகத்தில் செத்த குட்டிகள் உண்டு.

மெடிக்கல் கடையில் குளுக்கோஸ் ஏற்றும் டிரிப் செட் ஒன்று வாங்குங்கள். ஊசியை அங்கேயே கழற்றிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். சுத்தமான பாட்டிலைக் கூண்டுக்கு மேலே கவிழ்த்துக் கட்டி, குழாய் முனையை மணி பிளாண்ட் இலைக்கு நேராக விடுங்கள். சக்கரத்தைத் திருகி இரண்டு செகண்டுக்கு ஒரு சொட்டு. மத்தியானம் இருபது நிமிஷம் ஓடினால் போதும். கண்ணுச்சாமி முதல்முதலாகத் தண்ணீர் குடித்ததை இந்த டிரிப்பில்தான் பார்த்தோம். "அப்பா, அது முழுங்குது, அது முழுங்குது" என்று மகள் கிசுகிசுத்தாள். சத்தமாகப் பேசக் கூடாது என்று அதற்குள் அவளுக்கே தெரிந்திருந்தது.

இது தவிர விடியற்காலை விளக்கு எரியும் முன்பும், ராத்திரி விளக்கு அணைந்த பின்பும் இரண்டு நிமிஷம் கைத்தெளிப்பான். அதன் மூஞ்சியில் பீய்ச்சாதீர்கள், இலைமேல் பனி விழுந்த மாதிரி இருக்கட்டும். ராத்திரி ஈரம், பகலில் உலர்வு, இதுதான் முறை. இடையில் எல்லாம் காய வேண்டும். நாள் முழுக்க நனைந்தே இருக்கும் கூண்டில் பூஞ்சை வரும், நெஞ்சில் சளி கட்டும். ஆனி, ஆடியில் காற்றே பிழிகிற ஈரமாக இருக்கும்போது தெளிப்பதைப் பாதியாகக் குறைத்துவிடுவேன்.

கோடை மதியத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் குழாயில் எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும், டீ போடலாம். அதை அப்படியே தெளிப்பானில் பிடித்துவிடாதீர்கள். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. தெளிப்பான் மூக்கு அடைக்கும், இலை வெள்ளை பூக்கும். குடிக்கிற தண்ணீரே நல்லது.

தண்ணீர் போதுமா என்பதை அதன் எச்சம் சொல்லும். கறுப்போடு சேர்ந்து வெள்ளையாக ஒரு பகுதி வரும். அது வெள்ளையாகவே இருந்தால் சரி. ஆரஞ்சாக மாறினால் தாகம். காலையில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான், வீட்டில் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

தீனி

கிரிக்கெட் பூச்சிதான் அன்றாடச் சாப்பாடு, ராத்திரி மூலையில் கத்துமே சுவர்க்கோழி, அதன் இனம். வாங்கியும் வளர்க்கலாம், கொஞ்ச நாளில் வீட்டிலேயே பெருக்கலாம். முட்டை அட்டையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் போதும். சத்தம் பழகிவிடும் என்று சொல்ல மாட்டேன்.

பூச்சி, பச்சோந்தியின் இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. மூன்று நாலு மாதக் குட்டிக்குத் தினமும், காலையில், பத்துப் பன்னிரண்டு பூச்சி. உள்ளே அள்ளி விடாதீர்கள், எங்காவது ஒளிந்துகொள்ளும். ராத்திரி தூங்குகிற குட்டியின் காலைக் கடிக்கும். வழவழப்பான ஒரு டப்பாவைக் கொப்போரம் கட்டி அதில் போடுங்கள். மீதியைச் சாயங்காலம் எடுத்துவிடுங்கள்.

வயல் தத்துக்கிளியைப் பிடித்துப் போடலாமே, இலவசம்தானே என்று டீக்கடைச் சேட்டன் சொன்னார். நெல்லுக்கும் காய்கறிக்கும் என்ன மருந்து அடிக்கிறோம் என்பது நமக்குத்தானே தெரியும். வேண்டாம். அதற்குப் பதில் உடுமலைப்பேட்டைப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் யாராவது பழக்கமிருந்தால் கேளுங்கள். மல்பெரிக்கு மருந்து அடித்தால் புழுவே செத்துப்போகும் என்பதால் அந்தப் பயம் குறைவு. மெத்தென்று நீர்ச்சத்தோடு இருக்கும். ஆனால் படுக்கையில் சுண்ணாம்பும் கிருமிநாசினித் தூளும் தூவுவார்கள், தூவாத தட்டிலிருந்து வேண்டும் என்று சொல்லி வாங்குங்கள். சின்னப் புழுவாக, வாரத்தில் இரண்டு நாள்.

பூச்சி எதைத் தின்கிறதோ அதைத்தான் பச்சோந்தி தின்கிறது. அதனால் பூச்சிக்கு ஒரு நாள் முன்பே முருங்கைக்கீரை, கேரட், பரங்கிக்காய் போடுங்கள். பாலக்கீரை வேண்டாம், அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கொடுக்கும் முன் பூச்சியை ஒரு டப்பாவில் போட்டு, டி3 கலக்காத வெறும் கால்சியம் தூள் ஒரு சிட்டிகை தூவிக் குலுக்குங்கள், நெற்றியில் இட்ட திருநீறு மாதிரி லேசாக. டி3யும் வைட்டமினும் கலந்த தூள் மாதத்துக்கு இரண்டு தடவை. மனிதர்களுக்கான கால்சியம் டானிக்கை ஊற்றிவிட்டு ஆசீர்வாதம் கேட்காதீர்கள்.

முதல் வாரம்

மறுபடி செய்வதாக இருந்தால் இப்படித்தான் செய்வேன். குட்டி வருவதற்கு ஒரு வாரம் முன்பே கூண்டை முடித்து, விளக்கு, டைமர், டிரிப் எல்லாம் ஓடவிட்டு, காலை, மதியம், ராத்திரி என்று வெப்பத்தைக் குறித்துக்கொள்வேன். பெட்டி வந்ததும் கூண்டுக்குள் வைத்து, மூடியைத் திறந்து, ஒரு கொப்பைப் பெட்டி வாயில் சாய்த்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். அதுவாக ஏறட்டும். மூன்று பக்கமும் பழைய வேட்டியைக் கட்டி மறைப்பேன். தண்ணீர், தீனி, எச்சம் எடுப்பது தவிர ஒரு மாதம் கை உள்ளே போகாது. அதுவும் கீழிருந்து, மெதுவாக.

இரண்டு மூன்று நாள் தின்னாவிட்டால் பதறாதீர்கள். தண்ணீர் குடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒளிந்திருக்கும், இலை ஆடுவது போல முன்னும் பின்னும் ஆடும், சீறும், உப்பும், இதெல்லாம் வழக்கம். பக்கத்தில் போனதும் கறுத்து, விலகியதும் பச்சைக்குத் திரும்பினால் பிரச்சினை இல்லை. யாருமில்லாதபோதும் கறுப்பாகவே இருந்தால் யோசிக்க வேண்டும். பகலில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பது நல்ல அறிகுறியே அல்ல. அதோடு நாக்கு குறி தவறுவது, கொப்பிலிருந்து விழுவது, கால் நடுங்குவது, கண் வீங்குவது ஏதாவது சேர்ந்தால் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் போங்கள். நான் முதலில் போன டாக்டர் நல்ல மனிதர். "ஆடு, மாடு, நாய் எது வேணா கொண்டு வாங்க, இது எனக்குத் தெரியாது" என்று நேரடியாகச் சொல்லிவிட்டார். ஊர்வன பார்க்கிற மருத்துவர் யார், எங்கே என்பதைக் குட்டி வரும் முன்பே விசாரித்து எண்ணை எழுதி வையுங்கள். எங்களுக்கு ஒரு பக்கம் கோயம்புத்தூர், இன்னொரு பக்கம் திருச்சூர் மண்ணுத்தியில் கால்நடைக் கல்லூரி. எல்லையில் இருப்பதில் இது ஒரு வசதி.

நிறம் பற்றி ஒன்று. 2015இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தார் மடகாஸ்கர் பச்சோந்தியின் தோலை ஆராய்ந்து, செல்களுக்குள் பொடிப் படிகங்கள் இருப்பதையும், அவற்றின் இடைவெளி கூடிக் குறைவதில் நிறம் மாறுவதையும் காட்டினார்கள். பெரும்பாலும் மனநிலையும் வெப்பமும்தான் அதை நடத்துகின்றன. எங்கள் அம்முச்சி வேறு மாதிரி சொல்வார்: ஓந்து சிவந்தால் நம் ரத்தத்தை உறிஞ்சுகிறது என்று அர்த்தம், தொப்புளைப் பொத்திக்கொள். கண்ணுச்சாமியைப் பார்க்க வந்த கிழவிகளில் இரண்டு பேர் இன்றைக்கும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

தோல் உரிக்கும்போது வெள்ளைக் காகிதம் ஒட்டிய மாதிரி இருக்கும், பிய்க்காதீர்கள், கூட இரண்டு தெளிப்பு போதும். கூண்டில் ஒன்றுதான், ஜோடி போடாதீர்கள். கூண்டைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், டப்பாக்களைச் சமையல் தொட்டியில் கழுவாதீர்கள், ஊர்வனவற்றின் எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

வாரம் ஒருமுறை எடை பார்ப்பது உபயோகமான பழக்கம். கிராம் காட்டும் சமையல் தராசில் ஒரு குச்சியை வைத்துப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். ஒரு மாதம் கழித்து, அதே குச்சியை அதன் முன்காலுக்குக் கீழே நீட்டினால் ஏறிக்கொள்ளும். குட்டிக்கு எடை வாராவாரம் ஏற வேண்டும். ஏறாத வாரம், முதலில் விளக்கையும் தெர்மாமீட்டரையும் பாருங்கள். நான் காலண்டரிலேயே எழுதுகிறேன், பால் கணக்குக்குப் பக்கத்தில்.

பெரிய கூண்டுக்கு மாற்றுவதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து, ஆறு மாதத்தில் அந்த நாள் வரும். பழைய செடியையும் கொப்புகளில் பாதியையும் முந்தின நாளே புதுக் கூண்டுக்கு மாற்றிவிடுங்கள். இரண்டு கூண்டையும் கதவோடு கதவு நேராக வைத்து, நடுவில் ஒரு நீளக் கொப்பைப் பாலமாகக் கட்டுங்கள். புதுக் கூண்டில் விளக்கைப் போட்டு, பழையதில் அணைத்துவிடுங்கள். பிறகு நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள். கண்ணுச்சாமி பாலத்தின் நடுவில் நின்று ஒரு கண்ணால் பழைய வீட்டையும் மறு கண்ணால் புது வீட்டையும் பார்த்தது. ஒரு காலை எடுத்து, ஆட்டி, வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, மறுபடி எடுத்தது. அது அந்தப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் நான் ஒரு அரை எச்பி மோட்டாருக்குக் காயில் முழுக்கக் கழற்றி முடித்திருந்தேன்.